காற்று இறங்கிய துப்பாக்கி

அந்தக் கடைக்காரரை எனக்கு முதல் நிமிடத்திலேயே பிடிக்கவில்லை. நான் கேட்ட கேள்விக்கெல்லாம் அவர் என் கணவரைப் பார்த்துப் பதில் சொன்னார்.

நான் குழித்துறைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். துப்பாக்கி சுடும் போட்டிக்கு எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போன இடத்தில், சும்மா சுட்டுப் பாருங்கள் என்று பயிற்சியாளர் என் கையிலும் ஒன்றைக் கொடுத்தார். ஐந்து குண்டும் அட்டையின் கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தன. அதிலிருந்து சனிக்கிழமைதோறும் அங்கே போய் இரவல் காற்றுத் துப்பாக்கியில் சுட ஆரம்பித்தேன். நாற்பத்தாறு வயதில் இது என்ன கிறுக்கு என்றார் கணவர். சபையில் பெண்கள் கேட்டால் என்ன சொல்வாய் என்றார். சொந்தமாகவே ஒன்று வாங்கப்போகிறேன் என்றேன். இருந்தாலும் நாகர்கோவிலில் இருந்த துப்பாக்கிக் கடைக்கு அவர்தான் கார் ஓட்டி வந்தார்.

எனக்கு வேண்டியது பி.சி.பி. ரகம். குழலுக்கு அடியில் ஓர் உருளை இருக்கும். அதில் பம்பால் காற்றை அழுத்தி நிரப்பிவிட்டால், ஒவ்வொரு தடவை சுடும்போதும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துக்கொள்ளும். ஸ்பிரிங் துப்பாக்கி மாதிரி உதறாது. இதையெல்லாம் படித்துவிட்டுத்தான் போயிருந்தேன். கடைக்காரர் ஒரு ஸ்பிரிங் துப்பாக்கியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"டீச்சருக்கு இது போதும் சார். மத்ததுக்குப் பம்பு அடிக்கணும். பெண்ணுங்களால ஆவாது."

"துப்பாக்கி எனக்கு. எங்கிட்ட சொல்லுங்க," என்றேன்.

அவர் கடை ஊழியரைக் கைகாட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். ஊழியர் ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். நான் கேட்ட ரகத்தை அவர்தான் எடுத்து வந்தார், பம்பையும் மாட்டிக் கொடுத்தார். பார்க்க சைக்கிள் பம்பு போல இருந்தாலும் ஆள் கனத்தையெல்லாம் அதன்மேல் போட்டால்தான் இறங்கியது. நான் எப்போது நிறுத்துவேன் என்று கடைக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்காகவே நான் நிறுத்தவில்லை. மீட்டர் முள் பச்சைக் கோட்டைத் தொட்ட பிறகுதான் கையை எடுத்தேன்.

பணத்தைக் கட்டி, அடையாள அட்டை நகலைக் கொடுத்துக் கிளம்பும்போது ஊழியர் பக்கத்தில் வந்தார். "டீச்சர், இதுல ஒரு காரியம் மட்டும் கவனிக்கணும்…" என்று ஆரம்பித்தார்.

"ஏலே, அங்க என்ன கதை? குடோனுக்குப் போ," என்று கடைக்காரர் சத்தம் போட்டார். ஊழியர் பாதியில் நிறுத்திவிட்டுப் போனார். நின்று கேட்டிருக்கலாம். அந்த இடத்தைவிட்டுப் போனால் போதும் என்றிருந்தது எனக்கு.

வீட்டில் காற்றடிக்கும்போது, பம்பின் முனை துப்பாக்கியின் துளையில் இறுக்கமாக நுழைந்தது. தையல் மெஷினுக்குப் போடுகிற எண்ணெயை இரண்டு சொட்டு விட்டேன். வழுக்கிக்கொண்டு போனது. பிறகு ஒவ்வொரு முறையும் விட்டேன். இரண்டாவது வாரம் காற்று நிற்கவில்லை. சாயங்காலம் நிரப்பினால் காலையில் முள் பாதிக்கு இறங்கியிருந்தது. "சொன்னேம்லா," என்றார் கணவர். அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார்.

மறு சனிக்கிழமை தனியாகப் பஸ்ஸில் போனேன். நீளப் பையைப் பார்த்த கண்டக்டர், கோயிலில் வாசிக்கிற கீபோர்டா டீச்சர் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கடையில் நாலைந்து பேர் நின்றார்கள். பழுதான சாமானைத் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். முள்ளைப் பார்த்த கடைக்காரர், காற்றை அடைத்தபடியேவா இவ்வளவு தூரம் கொண்டுவந்தீர்கள் என்று எரிந்து விழுந்தார். நான் பையிலிருந்து சோப்புத் தண்ணீரை எடுத்துக் காற்றடிக்கும் துளையில் விட்டேன். குமிழ் குமிழாக வந்தது. நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முகம் கறுத்ததைப் பார்க்க எனக்குச் சுகமாக இருந்தது.

காற்றை வெளியேற்றி, மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு சின்ன ரப்பர் வளையத்தை எடுத்தார். அது ஊதிப்போய்க் கொழகொழவென்று இருந்தது. விரலில் தேய்த்து மோந்து பார்த்தார்.

"எண்ணெய் போட்டியளா? இதுக்கு சிலிக்கான் கிரீஸ் தவிர ஒண்ணும் ஆவாது. இந்த அழுத்தத்துல எண்ணெய் பட்டா தீயே பிடிக்கும்."

நான் விட்ட எண்ணெய்தான் காரணம் என்று புரிந்துவிட்டது. ஆனால் அத்தனை பேர் முன்னால் இந்த மனிதரிடம் தோற்க முடியாது.

"நான் ஒண்ணும் போடல்ல. உங்க கடையில போட்டிருப்பாங்க," என்றேன்.

அவர் என்னையே பார்த்தார். பிறகு ஊழியரைக் கூப்பிட்டு, வாயில் வந்ததையெல்லாம் சொல்லி ஏசினார். என்னைவிட மூத்த மனிதரை, என் முன்னாலேயே, ஏலே என்றும் வாலே என்றும். தான் எண்ணெயைத் தொடவே இல்லை என்று ஊழியர் ஒரே ஒரு தடவை சொன்னார். சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். நான் துப்பாக்கிப் பையின் ஜிப்பைத் திறந்து மூடினேன். ஐந்து நிமிடத்தில் புது வளையத்தைப் போட்டுத் தந்தார்கள். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் என்ன வாசித்தார்கள் என்றே காதில் விழவில்லை. திங்கட்கிழமை காலை கடைக்குப் போன் செய்து, எண்ணெய் விட்டது நான்தான், ஊழியர்மேல் தப்பில்லை என்றேன்.

கடைக்காரர் சிரித்தார். "மோந்தப்பமே தெரியும் டீச்சர். தையல் மெஷின் எண்ணெய் மணம் எனக்குத் தெரியாதா? அவனுக்கு நாலு ஏச்சு கொடுக்கதுக்கு ஒரு காரணம் கெடச்சுது."

போனை வைத்துவிட்டேன்.

அந்த வாரமே ஊழியரைப் பார்க்கக் கடைக்குப் போனேன். கடைக்காரர் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். மன்னித்துக்கொள்ளுங்கள் என்று நான் ஆரம்பித்ததும் ஊழியர் கையை உயர்த்தித் தடுத்தார்.

"நீங்க இதைப் பேசிக்கிட்டு நிக்கதை அவரு பாத்தா, அதுக்கும் எனக்குத்தான் ஏச்சு. குண்டு வேணும்னா எடுத்துத் தாரேன். இல்லன்னா போங்க டீச்சர்."

குண்டு ஒரு டப்பா வேண்டும் என்றேன். எடுத்துக் காகிதப் பையில் போட்டு, என் கையில் தராமல் மேசைமேல் வைத்தார். எனக்குப் பின்னால் நின்ற ஆளிடம், உங்களுக்கு என்ன வேண்டும் என்று கேட்டார்.