கிணற்றுச் சுவரும் காந்திமதியின் ட்ரெண்டும்

சந்தோஷம் வந்தால் காந்திமதியால் உட்கார முடியாது. பிளஸ் டூ கணக்கில் இருநூறுக்கு நூற்றுத் தொண்ணூற்றெட்டு வாங்கிய அன்று ஸ்ரீபெரும்புதூர்த் தேரடியை சைக்கிளில் மூன்று சுற்று சுற்றினாள். வீட்டு வாசலில் வந்து இறங்கியபோதுதான் காலில் செருப்பு இல்லை என்பதே தெரிந்தது. அந்த வியாதி அவளுக்கு வளர்ந்த பிறகும் தீரவில்லை. காஞ்சிபுரத்தில் பி.எஸ்ஸி. முடித்து, டைப்பிங்கும் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸும் முடித்து, இருபத்துநாலு வயதில் வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அது இன்னும் முற்றியது.

வேலை, உரக்கடை மாடியில் இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சி மையத்தில். அங்கே இருந்தவர்கள் மொத்தம் இரண்டு பேர். ஒருவர் இயக்குநர் இராமச்சந்திரன். வெளிநாட்டில் புள்ளியியல் படித்துவிட்டு வந்தவர், பேசுவதைவிட டீ குடிப்பது அதிகம். இன்னொருவர் காந்திமதி. மூன்றாவதாக ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்து, பக்கத்தில் ஓயாமல் உறுமும் ஸ்டெபிலைசர், தையல் மெஷின் மாதிரி கத்தும் பிரிண்டர்.

1991 ஐப்பசியில் ஒரு வேலை வந்தது. வல்லம் பக்கம் தொழிற்சாலைகள் வரப்போகின்றன என்று பேச்சாக இருந்த நேரம். அதற்கு ஒரு சாலை போடவேண்டும். அந்தச் சாலை செங்கழனி ஏரிக்குத் தண்ணீர் வரும் கால்வாயின் மேலேயே போகும். கால்வாயை மூடினால் ஏரி வற்றும். ஏரி வற்றினால் ஊர்க் கிணறும் வற்றுமா என்பதுதான் கேள்வி. ஏரியின் நீர்மட்டமும், ஊர்ப் பொதுக்கிணற்றில் தண்ணீர் எத்தனை அடி ஆழத்தில் கிடக்கிறது என்பதும், 1976 தையிலிருந்து பதினைந்து வருஷத்துக்கு மாதாமாதம் நோட்டில் எழுதப்பட்டிருந்தன. நூற்றெண்பது மாதங்கள். அத்தனையையும் காந்திமதிதான் கம்ப்யூட்டரில் ஏற்றினாள்.

"ரெண்டு மாட்டைக் கயித்தால சேர்த்துக் கட்டி விட்டிருக்கோம்னு வை" என்று இராமச்சந்திரன் விளக்கினார். "ரெண்டும் எங்க வேணா அலையலாம். ஆனா கயித்து நீளத்தைத் தாண்டி விலகாது. ஏரியும் கிணறும் அப்படிக் கட்டுண்டு கிடக்கான்னு பார்க்கணும்மா. அதுக்குத்தான் கோஇன்டெக்ரேஷன்னு பேரு."

அவருடைய நண்பர் அமெரிக்காவிலிருந்து அனுப்பிய நாலு ஃப்ளாப்பியில் அதற்கான மென்பொருள் இருந்தது. முதல் ஓட்டத்தில், கயிறு கிடையாது என்றது. "ட்ரெண்ட் சேர்த்துப் பாரு" என்றார் அவர். காலம் போகப்போக ஒரே சீராக ஏறுவதையோ இறங்குவதையோ தனியாகப் பிடித்து வைக்கும் உறுப்புக்கு ட்ரெண்ட் என்று பெயர். காந்திமதி அதைச் சேர்த்தாள். திரை நின்றுவிட்டது. 'மேட்ரிக்ஸ் சிங்குலர்', அதாவது இந்தக் கணக்குக்கு ஒரே விடை கிடையாது என்று ஒரு வரி, அவ்வளவுதான்.

ஒன்றரை நாள் கையேட்டைப் புரட்டினாள். இரண்டாம் நாள் மத்தியானம், தயிர்சாதத்தில் கை இருந்தபடியே எழுந்து நின்றாள்.

"சார்! வரிசை மாறக்கூடாதுன்னு ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு நூத்தியெண்பது வரைக்கும் நானே மாசத்துக்கு ஒரு நம்பர் போட்டிருக்கேன் சார். அதுவே ட்ரெண்ட்தானே! மெஷின் தானா ஒண்ணு போடுது, நான் ஒண்ணு குடுத்திருக்கேன். ஒரே ஆள் ரெண்டு பேரா வந்து நின்னா அது யாரைன்னு எண்ணும்?"

ஒன்றை எடுத்தாள். மென்பொருள் ஓடியது. அவள் மாடிப்படியில் இறங்கி உரக்கடைக்காரருக்கு விஷயத்தைச் சொல்லிவிட்டு மறுபடி ஏறி வந்தாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சிரித்தார்.

வந்த விடைதான் நன்றாக இல்லை. கிணறு வருஷத்துக்கு ஏறக்குறைய மூன்றே முக்கால் அங்குலம் இறங்கிக்கொண்டே போகிறது. ஏரியோடு அதைக் கட்டும் கயிறு இப்போதும் இல்லை. இராமச்சந்திரன் பெருமூச்சு விட்டு அறிக்கையை எழுத ஆரம்பித்தார். ஏரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிணறு தானாகவே இறங்குகிறது, கால்வாயை மூடலாம் என்று முடியும் அறிக்கை.

காந்திமதிக்கு மனசு ஒப்பவில்லை. நடுவில் வறட்சி வந்தது, வெள்ளம் வந்தது. எதையும் கண்டுகொள்ளாமல் ஒரு கிணறு ஆபீஸுக்குப் போகிறவர் மாதிரி ஒழுங்காக இறங்குமா? கணக்கு விளக்கியதுபோக மிச்சம் நின்றதை மட்டும் நட்சத்திரப் புள்ளிகளாகத் தாளில் அடித்துப் பார்த்தாள்; ஆழம் கூடினால் புள்ளி மேலே போகும். பன்னிரண்டு தாள் நீளம். தரையில் விரித்து முட்டி போட்டுக்கொண்டே போனாள். புள்ளிகள் மெல்லச் சரிந்து வந்து ஓரிடத்தில் திடீரென்று எகிறின. மறுபடி சரிந்து, மறுபடி எகிறின. ரம்பத்தின் பல் போல.

"சார், எண்பத்தொண்ணு பிப்ரவரி. எண்பத்தாறு மே. இந்த ரெண்டு மாசம் மட்டும் கிணறு பொத்துனு விழுந்திருக்கு."

"யாராவது மோட்டார் போட்டிருப்பாங்கம்மா."

"மோட்டார் ஒரே மாசத்துல ஒன்றரை அடி இறக்கிட்டு அப்புறம் அஞ்சு வருஷம் சும்மா உக்காந்திருக்குமா சார்?"

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். "போய்ப் பார்த்துட்டு வா" என்றார்.

மறுநாள் காலை, அளவு நாடாவோடு முதல் பஸ்ஸில் அந்த ஊருக்குப் போய் இறங்கினாள். கிணற்றடியில் ஒருத்தி குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எதிர் வீட்டுக்காரி, பெயர் சந்திரம்மாள், முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அக்கா, எண்பத்தொண்ணுல இந்தக் கெணத்துக்கு இன்னா ஆச்சு?"

"கெணத்துக்கு இன்னா ஆவும்? அது பாட்டுக்கு கீது." குடத்தைக் கவிழ்த்தாள். "என் ஆடுதான் உள்ள வுழுந்துச்சு. நல்ல சினை ஆடு. ஊரே கூடி தூக்குனாங்க. நான் போட்ட கூச்சல்ல பஞ்சாயத்துல வந்து சுவத்த ஒசத்தி கட்டிட்டாங்க."

காந்திமதியின் கை நாடாவைச் சுற்றி இறுகியது. "எண்பத்தாறுல?"

சந்திரம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. "என் வூட்டுக்காரரு வுழுந்தாரு."

"ஐயையோ!"

"ஒண்ணும் ஆவல கண்ணு. சுவரு மேல குந்திக்கினு நியாயம் பேசிக்கினு இருந்தாரு, பின்னாடி சாஞ்சிட்டாரு. சித்திரை வெயில்ல இடுப்பளவு தண்ணிதான். உள்ள நின்னுக்கினு அப்பவும் நியாயம் பேசுறாரு! மறுவாரமே திரும்பவும் ஒசத்திட்டாங்க."

காந்திமதி சுவரைப் பார்த்தாள். அடியில் பழைய கருங்கல். அதற்கு மேல் கறுத்த செங்கல். அதற்கும் மேல் இன்னும் சிவப்பு மங்காத செங்கல். மூன்று நிறம்.

"அக்கா, மாசாமாசம் ஆழம் அளக்க வருவாங்களே, எங்கிருந்து அளப்பாங்க?"

"எங்கிருந்து? இதோ, சுவத்து மேல நாடாவ வெச்சி உள்ள வுடுவாங்க."

அளந்தாள். கறுத்த செங்கல் பதினெட்டு அங்குலம். சிவப்புச் செங்கல் இரண்டு அடி. தண்ணீர் இறங்கவே இல்லை. அளந்தவர்கள்தான் மேலே ஏறிக்கொண்டே போயிருக்கிறார்கள். இரண்டே படி. அதைச் சாய்வான கோடு என்று எண்ணி, ட்ரெண்ட் பதினைந்து வருஷத்துக்கு இழுத்து நிரவிவிட்டது.

"ஆடு ஒன்றரை அடி அக்கா, மாமா ரெண்டு அடி!" என்று கத்தினாள். சிரிப்பு வந்தது, நிற்கவில்லை. சந்திரம்மாளுக்குக் காரணம் தெரியாவிட்டாலும் அவளும் சேர்ந்துகொண்டாள். இருவரும் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். தண்ணீருக்கு வந்த இரண்டு பெண்கள் குடத்தோடு தள்ளி நின்று பார்த்தார்கள்.

அந்தச் சந்தோஷத்தில் எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறிவிட்டாள். ஒரகடத்தில் கண்டக்டர் இறங்கச் சொன்னபோதுதான் சுயநினைவு வந்தது. திரும்பி வர இரண்டு மணி நேரமானது. அதற்குள் பக்கத்து சீட்டில் இருந்த பூக்காரம்மாவுக்குக் கோஇன்டெக்ரேஷன் முழுவதும் தெரிந்துவிட்டது.

மையத்துக்கு வந்து, பிப்ரவரி எண்பத்தொன்றிலிருந்து ஒன்றரை அடியும், மே எண்பத்தாறிலிருந்து மொத்தமாக மூன்றரை அடியும் கழித்து ஓட்டினாள். ட்ரெண்ட் சுழியத்துக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொண்டது. அதை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். இராமச்சந்திரன் அவள் தோளுக்குப் பின்னால் குனிந்தார்.

"விடை தேறுதான்னு பார்க்க எந்த அட்டவணையோட ஒப்பிடுற? ட்ரெண்ட் இருந்தா ஒண்ணு, இல்லேன்னா வேற ஒண்ணு. மாத்திப் பார்த்துடாத."

"ரெண்டுலயும் பார்த்துட்டேன் சார். ரெண்டுலயும் எல்லையைத் தாண்டித் தேறுது."

கயிறு இருந்தது. ஏரி ஏறினால் கிணறு ஏறியது, ஏரி வற்றினால் ஒரு மாதம் தாமதித்துக் கிணறும் வற்றியது. பதினைந்து வருஷமாக இரண்டும் ஒன்றைவிட்டு ஒன்று போகவே இல்லை.

இராமச்சந்திரன் நிமிர்ந்தார். தாம் எழுதி வைத்திருந்த முடிவுரையை எடுத்து நாலாகக் கிழித்தார். பிறகு என்ன தோன்றியதோ, கதவைத் திறந்து, கீழே டீக்கடைக்கு மாடியிலிருந்தே, "நாலு டீ!" என்று கத்தினார். இருந்தது இரண்டு பேர்தான்.

மார்கழியில் கூட்டம் நடந்தது. சாலைப் பொறியாளர்கள் எட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவர் எதற்காக இரண்டு தடவை உயர்த்தப்பட்டது என்று ஒருவர் கேட்டார். இராமச்சந்திரன் காந்திமதியைப் பார்த்தார். அவள் எழுந்து, "முதல் தடவை ஆடு சார்" என்றாள். இரண்டாவதைச் சொல்ல வாயைத் திறந்தாள், சிரிப்புதான் வந்தது. மூன்று முறை முயன்றும் முடியாமல் உட்கார்ந்துவிட்டாள். தலைமைப் பொறியாளர் முகத்தைச் சுளித்து அறிக்கையின் அடிக்குறிப்பைத் தாமே படித்தார். படித்தவர், கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று.

கால்வாயை யாரும் மூடவில்லை. சாலைக்கு அடியில் ஆள் குனிந்து போகும் அளவுக்கு ஒரு பாலம் கட்டித் தண்ணீருக்கு வழி விட்டார்கள். காந்திமதி அந்த மையத்திலேயே வேலை செய்துகொண்டு அஞ்சல் வழியில் எம்.எஸ்ஸி. எழுதினாள். அடுத்த மழையில் பாலத்தின் கீழே முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் நுரைத்துக்கொண்டு போனபோது, சந்திரம்மாளும் அவளும் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு அதற்குள் இறங்கி நின்றார்கள். கரையில் சந்திரம்மாளின் வீட்டுக்காரர் நின்று, வழுக்கும், ஜாக்கிரதை என்று இருவருக்கும் புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்.