ஓடவில்லை, நடந்தாள்

மூன்று வயதில் வந்த தொண்டை நோயிலிருந்து தம்பி பிழைத்தான். வைத்தியர் கையை விரித்த பிறகு பிழைத்தான். ஒன்றாம் வகுப்பில் நான்கு மாதம் உட்கார்ந்ததோடு அவன் படிப்பு முடிந்தது, ஏனென்றால் அப்பா சாரத்திலிருந்து விழுந்து இடுப்பொடிந்து படுத்துவிட்டார். ஒன்பது வயதில் மணல் சலிக்கப் போனான். டைல்ஸ் ஒட்டும் வேலையை யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டான். வேறொரு மேஸ்திரி பாதியில் விட்டுப்போன வளைவுப் படிக்கட்டை, மொத்தம் நாற்பத்திரண்டு படி, கோணல் தெரியாமல் முடித்துக் கொடுத்தான். 'பெண் தரமாட்டோம்' என்று சொன்ன வீட்டிலேயே பெண் எடுத்தான். பிறகு அந்த மாமனாரின் குளியலறைக்கும் அவன்தான் தரை போட்டான். முப்பத்தாறு வயதுக்குள் இத்தனையும் ஜெயித்தவனால் ஞாயிற்றுக்கிழமையை மட்டும் ஜெயிக்க முடியவில்லை.

வீட்டுக்குக் கடைக்குட்டி. அக்கா கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெரு முழுக்க அவனுக்குத் தம்பி என்பதே பெயராகிவிட்டது. அவனைவிட இருபது வயது மூத்தவர்கள் மட்டுமல்ல, பத்து வயது இளையவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

ஞாயிற்றுக்கிழமைத் தொல்லை மகளின் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது. 'விடுமுறையில் என் குடும்பம்' என்று பத்து வரி எழுதச் சொல்லியிருந்தார்கள். அவள் இரண்டே வரி எழுதினாள்: 'என் அப்பா தூங்கினார். பிறகு எழுந்து, மறுபடி தூங்கினார்.' டீச்சர் அதன் கீழே சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினார். தம்பியின் மனைவி அந்த நோட்டை அவன் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்து, படித்தும் காட்டினாள்.

"இனிமே மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை வெளியே போறோம். உடம்பு வலி, முதுகு வலின்னு ஆரம்பிக்காதீங்க. ஆறு நாள் மண்டி போட்டு வேலை பாக்குற ஆளு, ஏழாவது நாள் நிமிந்து நடந்தா ஒண்ணும் ஆயிடாது."

முதலில் மிருகக்காட்சி சாலை. இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரண்டாவது பஸ்ஸில் நாலு வயது மகன் தம்பியின் சட்டையில் வாந்தி எடுத்தான். போய்ச் சேர்ந்தபோது சிங்கம் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. அரை மணி நேரம் நின்று பார்த்தார்கள்; வாலை ஒரு தடவை ஆட்டியது, அவ்வளவுதான். மகனுக்கு அங்கே பிடித்தது கூண்டுக்கு வெளியே தண்ணீர்க் குழாயில் உட்கார்ந்திருந்த ஒரு காக்கா. அதை விட்டு வரமாட்டேன் என்று தரையில் புரண்டான்.

"நம்ம மாடியிலயே உக்காந்திருக்கே கண்ணு. அதுக்கா ரெண்டு பஸ்ஸு?" என்றாள் மனைவி. தம்பியின் சட்டை இன்னும் நாறிக்கொண்டிருந்தது.

அடுத்து அருங்காட்சியகம். அதில் பாதி மூடியிருந்தது, தரை மாற்றிக்கொண்டிருந்தார்கள். கயிற்றுக்கு அப்பால் ஒருவர் சுவர் ஓரத்திலிருந்து டைல்ஸ் ஒட்டிக்கொண்டு வருவதைத் தம்பி பார்த்துவிட்டான். அறையின் நடுவைக் குறித்து, நூல் பிடித்து, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போவதுதான் முறை. அப்போதுதான் ஓரங்களில் வெட்டுத் துண்டுகள் சமமாக விழும். அவனால் சும்மா போக முடியவில்லை. கயிற்றுக்குக் கீழே குனிந்து போனவன் ஒன்றேகால் மணி நேரம் கழித்து, முழங்கால் வெள்ளையாக, ரொம்பத் திருப்தியாகத் திரும்பி வந்தான். குடும்பம் வாசல் படியில் உட்கார்ந்து, கொண்டுபோன சாப்பாட்டை முடித்திருந்தது.

"ஊர்ல எல்லாரும் பிள்ளைங்களுக்குப் பழைய காலத்து வாளைக் காட்டுவாங்க. எங்க வீட்டுக்காரர் சிமெண்டுச் சட்டியைக் காட்டுறாரு," என்று மனைவி அன்று சாயங்காலம் அக்காவிடம் சொன்னாள். அக்கா சிரித்ததற்கும் சேர்த்துத் தம்பிக்குத் திட்டு விழுந்தது.

ஏரிக்குப் போனபோது அக்காவையும் கூட்டிக்கொண்டார்கள். மிதி படகு. தம்பியும் மனைவியும் முன்னால் உட்கார்ந்து மிதித்தார்கள். திருப்பும் கம்பி அவன் கையில். படகு ஒரே இடத்தில் வட்டமடித்தது.

"இடது பக்கம் திருப்புங்கன்னா இடது பக்கம் திருப்புங்க."

"இடதுதாம்மா திருப்புறேன். அது வலதுக்குப் போகுது."

"கல்யாணமாகிப் பத்து வருஷமா இதுதான் நடக்குது," என்றாள் மனைவி. அந்த நேரம் பார்த்து, ஏரியின் நட்டநடுவில், மகன் ஒன்றுக்கு வருகிறது என்றான். அதற்கு மேல் நடந்ததை எழுத வேண்டாம். கரையில் இருந்தவர்கள் கை தட்டினார்கள் என்பது மட்டும் போதும்.

பிள்ளைகளோடு வெளியே போவது குடும்பத்துக்குச் சந்தோஷம் என்று சொல்பவர்களைத் தம்பி அதற்குப் பிறகு நம்புவதில்லை. "வீட்டுல கத்துறதைக் காசு குடுத்து வெளியே போய்க் கத்துறோம். அதுக்குப் பேர் சுற்றுலா," என்பான். ஆனாலும் மாதம் தவறாமல் பையைத் தூக்கினான். மகள் இப்போது பத்து வரி எழுதுகிறாள் என்பதை மட்டும் மனைவியிடம் அடிக்கடி கேட்டு உறுதி செய்துகொள்வான்.

ஆகஸ்டு மாதம் புதிய நீச்சல் குளத்துக்குப் போனார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு முழங்காலளவு தண்ணீரில் தனிப் பகுதி உண்டு, சுற்றிலும் பளபளவென்று நீல நிறத் தரை. செருப்பைக் கழற்றிக் காலை வைத்ததுமே தம்பிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. அது தரைக்கான டைல்ஸ் இல்லை. சுவருக்கு ஒட்டுகிற வழவழப்பு டைல்ஸைத் தரையில் போட்டிருந்தார்கள். தண்ணீர் பட்டால் எண்ணெய் ஊற்றியது போலத்தான்.

மகளைக் கூப்பிட்டுச் சொன்னான். "பாப்பா, மெதுவா நட. கம்பியைப் பிடிச்சுக்க. ஓடாத."

எட்டு வயதுப் பெண் தலையாட்டினாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். கம்பி முடிந்த இடத்திலிருந்து குளத்துப் படிவரை ஐந்தாறு அடி தூரம். அங்கே அவளுடைய இரண்டு காலும் ஒன்றாகப் பறந்தன. முகவாய் படி விளிம்பில் மோதியது. மூன்று தையல்.

தையல் போட்டுத் திரும்பும்போதே, குளத்து அலுவலகத்தில் மனைவி ஒரு புகார் எழுதிக் கொடுத்தாள். ஒன்பதாம் நாள் தபாலில் பதில் வந்தது. மனைவி படித்தாள்: குழந்தை ஈரத் தரையில் ஓடியதால் விழுந்தது, பெற்றோர் பிள்ளைகளைக் கவனித்துக்கொள்ளக் கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.

"நான் ஓடலப்பா," என்றாள் மகள். முகவாயில் கட்டு இருந்ததால் வாயை முழுதாகத் திறக்காமல் சொன்னாள்.

மனைவி கடிதத்தை மடித்தாள். "சரி விடு. லேசா வேகமாப் போயிருப்ப. பிள்ளைங்கன்னா அப்படித்தான்."

"நான் ஓடலம்மா."

அக்கம்பக்கத்திலும் அதே பேச்சு. பார்க்க வந்தவர்கள் எல்லாரும், 'இனிமே ஓடாம இருக்கணும், என்ன?' என்று மகளின் தலையைத் தடவிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆளுக்கு மகள் பதில் சொல்லவில்லை. நான்காவது ஆள் வந்தபோது உள்ளறைக்குப் போய்விட்டாள். தம்பிக்குத் தையலைவிட அது வலித்தது. பிள்ளை சொன்ன பேச்சைக் கேட்டு நடந்தாள், விழுந்தாள், இப்போது பொய்யும் சொல்கிறாள் என்று ஊர் சொல்கிறது. அவள் நடந்ததை அவன் கண்ணால் பார்த்தவன். அது எந்த டைல்ஸ் என்று அந்தக் கட்டடத்திலேயே தெரிந்தவனும் அவன் ஒருவன்தான்.

ஆகஸ்டு இருபத்தேழாம் தேதி குடும்பத்தோடு மறுபடி போனான். அலுவலக ஜன்னலில் இருந்த எழுத்தர் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர்.

"அண்ணே, நீங்க சொல்றது புரியுது. ஆனா பிள்ளை விழுந்துச்சுன்னு புகார் குடுக்குறது வேற, தரையே தப்புன்னு சொல்றது வேற. அதை அந்த வேலை தெரிஞ்ச ஆளு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரணும். அப்பத்தான் மேனேஜர் மேஜைக்குப் போகும்."

"வேலை தெரிஞ்ச ஆளு நான்தான்."

"அப்ப நீங்களே எழுதுங்க."

"கண்ணாடி எடுத்துட்டு வரல," என்றான் தம்பி. அவனுக்குக் கண்ணாடி கிடையாது. இந்த ஒரு வரியை வைத்தே எத்தனையோ ஜன்னல்களைக் கடந்து வந்தவன் அவன். மனைவி பேனாவை வாங்கி, அவன் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசியில் எழுத்தர் மைப் பெட்டியை நகர்த்தினார். தம்பி கட்டை விரலை அழுத்தி வைத்தான்.

எழுத்தர் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இன்னொரு தடவை வைங்கண்ணே." வைத்தான். "மத்தக் கையை வைங்க." அதையும் வைத்தான்.

மூன்றும் மை சிந்திய மாதிரிதான் இருந்தன. ஒரு கோடு இல்லை, ஒரு சுழி இல்லை. இருபத்தேழு வருஷச் சிமெண்டு அவன் விரல் ரேகையை வழித்துத் தின்றிருந்தது.

"ரேகையே விழலையேண்ணே. இது யார் கைன்னு எப்படிச் சொல்றது? மேனேஜர் திருப்பி அனுப்பிடுவாரு. கையெழுத்துன்னா ஒண்ணும் பிரச்சினை இல்ல."

தம்பி கட்டை விரலைத் தன் சட்டையிலேயே துடைத்தான். வெள்ளைச் சட்டை. பஸ்ஸில் மகள் அந்தக் கறையைப் பார்த்துக்கொண்டே வந்தாள். வீடு வந்ததும் அவன், சீவிச் சீவிப் பாதியாகிவிட்ட தன் பட்டைப் பென்சிலை மனைவியிடம் நீட்டி, ஒரு டைல்ஸ் துண்டைத் திருப்பி வைத்தான்.

"என் பேரை எழுது. பெருசா எழுது."

எழுதிக் கொடுத்தாள். ஐந்து எழுத்து.

அந்தத் துண்டைக் கருவிப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உடைந்த துண்டுகளைப் பொறுக்கி வைத்துக்கொண்டு அவற்றின் முதுகில் எழுதிப் பார்த்தான். கலவை போடுபவர் எட்டிப் பார்த்து, "என்ன மேஸ்திரி, யார் வீட்டு பிளானு?" என்றார். "என் வீடுதான்," என்றான் தம்பி.

ஒரு வாரம் கழித்து அவன் கொண்டுவந்த துண்டுகளை மனைவி பார்த்தாள். எழுத்து நன்றாகவே விழுந்திருந்தது. அவள் எழுதியதைவிட நேராகவும் இருந்தது. ரசமட்டத்தை வைத்துக் கோடு போட்டிருந்தான். எதிரில் எழுதிக் காட்டச் சொன்னாள். அவன் மூன்றாவது எழுத்தை முதலில் எழுதினான். பிறகு அதற்கு இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. பிறகு மறுபடி இடது, மறுபடி வலது.

"என்னங்க இது? நடுவுலேருந்து எழுதுறீங்க?"

"நடுவுலேருந்து போனாத்தான் ரெண்டு ஓரமும் சமமா வரும்."

"பேரை யாராவது நடுவுலேருந்து எழுதுவாங்களா? முதல் எழுத்துலேருந்து எழுதணும்."

"முடிஞ்ச பிறகு பாக்குறவனுக்கு எங்கேருந்து ஆரம்பிச்சேன்னு தெரியுமா?"

மனைவி அந்தத் துண்டை மகளிடம் நீட்டினாள். மகள் பார்த்துவிட்டு, "அப்பா, மூணாவது எழுத்துக்குச் சுழி பத்தல," என்றாள். அவன் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடி எழுதினான். மூன்று வாரத்தில் மொத்தம் அறுபத்தெட்டுத் துண்டுகள். அக்கா எண்ணிப் பார்த்தாள்.

புகாரை மனைவி புதிதாக எழுதினாள். தரையைப் பற்றித்தான் முதலில் எழுத வேண்டும் என்றாள் அவள். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "முதல் வரி நான் சொல்றதை எழுது. 'என் மகள் ஓடவில்லை, நடந்தாள்.' தரையெல்லாம் அதுக்குக் கீழே."

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை. பஸ் நாற்பது நிமிடம் தாமதம். மகன் ஒரு காலில் மட்டும் செருப்போடு வந்து சேர்ந்தான்; மற்றது பஸ்ஸிலேயே போய்விட்டது. தம்பியின் பையில் இரண்டு டைல்ஸ் இருந்தன, தரை டைல்ஸ் ஒன்று, சுவர் டைல்ஸ் ஒன்று. எழுத்தர் பேனாவை நீட்டினார். தம்பி கோடு போட்ட இடத்தின் இரண்டு ஓரத்தையும் விரலால் அளந்து, நடுவில் ஒரு புள்ளி வைத்து, மூன்றாவது எழுத்தை எழுதினான்.

எழுத்தர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். மனைவி அவரைப் பார்த்து லேசாகத் தலையசைத்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

பின்னால் வரிசை நீண்டது. "என்னப்பா, கையெழுத்துப் போடுறாரா, கோலம் போடுறாரா?" என்றார் துண்டைத் தோளில் போட்டிருந்த ஒருவர்.

"போடட்டும். உங்களுக்கும் சேத்துத்தான் போடுறாரு," என்றாள் மனைவி, திரும்பாமலே.

நான்கு நிமிடம் ஆயிற்று. மேனேஜர் அறைக்குத் தாள் போனது; கொஞ்ச நேரத்தில் மேனேஜரே வெளியே வந்தார். தம்பி இரண்டு டைல்ஸையும் தரையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினான். "ஏறி நில்லுங்க சார். என் தோளைப் பிடிச்சுக்குங்க." தரை டைல்ஸில் மேனேஜர் நின்றார். சுவர் டைல்ஸில் ஏறியதும் தம்பியின் தோளை இரண்டு கையாலும் பிடித்தார். பிறகு இறங்கி, தாளின் முதல் வரியை மறுபடி படித்தார். மகள் பக்கம் திரும்பி, "நீ ஓடலன்னு அப்பா எழுதியிருக்காரும்மா. நாங்கதான் தப்பா எழுதிட்டோம்," என்றார்.

மகள் அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அம்மா முதலில் பார்வையைத் தாழ்த்திக்கொண்டாள். பிறகு பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அன்றே சின்னப் பிள்ளைகள் பகுதிக்குக் கயிறு கட்டினார்கள். அதனால் யாராலும் குளிக்க முடியவில்லை. மகன் அதற்காக வழி முழுக்க அழுதான். ஒற்றைச் செருப்புக்காரனை நடக்க வைக்க முடியாமல் தம்பி பஸ் நிறுத்தம்வரை தூக்கிக்கொண்டு போனான். முதுகு பிடித்துக்கொண்டது. இனி ஆறு மாதத்துக்கு எங்கேயும் வரமாட்டேன் என்று சத்தியம் செய்தான்.

முத்திரை குத்திய புகார் நகல் வீட்டுத் தகரப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறது. அக்கா அதைப் பலமுறை எடுத்துப் பார்த்திருக்கிறாள். ஐந்து எழுத்துக்கும் இடையே ஒரே இடைவெளி, இரண்டு ஓரத்திலும் ஒரே அளவு காலியிடம். கீழே தேதியையும் அவனே போட்டான். எண்கள் அவனுக்கு எப்போதும் தெரியும். 17.9.2017.