மூன்றாவது சிவப்புச் சீட்டு

சாப்பாட்டுக் கடை நடத்துகிற யாரிடமாவது போய், "பிரிச்சுப்போடு அக்கா வர்றாங்க" என்று சொல்லிப் பாருங்கள். முதலாளி முதலில் குப்பைத் தொட்டியைப் பார்ப்பார், அப்புறம்தான் கல்லாவைப் பார்ப்பார். அப்படி ஒரு பேர் எடுத்திருக்கிறாள் அக்கா. சும்மா வந்த பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

அவள் ஒரு பெரிய ஹோட்டலில் துப்புரவு ஆட்களுக்கு மேற்பார்வையாளராக இருந்தவள். ஹோட்டல் கைமாறியதும் புது முதலாளிகள் பழைய ஆட்களை எல்லாம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற ரகம் இல்லை அக்கா. அதே சமயத்தில்தான் நகராட்சி புது விதி போட்டது. கடைகள் இனி சாப்பாட்டுக் கழிவைத் தனியாகச் சேர்க்க வேண்டும், அதில் பிளாஸ்டிக் கலந்திருந்தால் லாரி எடுக்காது, தொட்டியில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டுப் போய்விடும். கடைக்காரர்களுக்குத் தலையும் புரியவில்லை, காலும் புரியவில்லை. அக்கா என்ன செய்தாள்? அந்தக் கழிவிலிருந்து எரிவாயு எடுக்கிற ஆலைக்கே நேராகப் போய், எது ஆகும், எது இயந்திரத்தைக் கெடுக்கும் என்று கண்ணால் பார்த்துவிட்டு வந்தாள்.

"இனிமே இதுதான் என் தொழில். குப்பையை எப்படிப் பிரிச்சுப் போடணும்னு கடைகடையாப் போய்ச் சொல்லிக் குடுக்கப் போறேன்" என்றாள் புருஷனிடம்.

"எவ்வளவோ தொழில் இருக்க, குப்பையைக் கிளறவா போற?"

"ஆமா. உங்க அலமாரியைக் கிளறி நல்லாப் பழகிட்டேன்."

மனுஷன் எழுந்து அலமாரிக் கதவைச் சாத்தப் போனார்.

அவள் வேலை செய்கிற விதமே வேறு. போனவுடன் பேச மாட்டாள். சமையலறை ஓரத்தில் ஒரு முக்காலியைப் போட்டுக்கொண்டு, காய் நறுக்குகிறவர்களின் கை எந்தப் பக்கம் போகிறது என்றே பார்த்துக்கொண்டிருப்பாள். பிறகு தொட்டியை இழுத்து அந்தக் கைக்குக் கீழே வைப்பாள். கை தானாகப் போகிற இடத்தில் தொட்டி இருந்தால் யாருக்கும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இப்படியே ஒரு பேக்கரி, இரண்டு ஹோட்டல், ஒரு பழச்சாறுக் கடை என்று வேலை சூடு பிடித்தது.

அப்புறம் வந்து சேர்ந்தது உணவுக்கூடம். ஒரே கூரைக்குக் கீழே வரிசையாகக் கடைகள், நடுவில் பொதுவான மேசைகள், பின்னால் எல்லாருக்கும் சேர்த்து ஒரே குப்பை அறை. அங்கேதான் வினையே. எல்லாக் கழிவும் ஒரே தொட்டிகளில் விழுவதால் யார் தப்புச் செய்தாலும் அடி எல்லாருக்கும் விழும். ஒரு சிவப்புச் சீட்டு ஏற்கெனவே விழுந்திருந்தது. மூன்று விழுந்தால் அத்தனை அடுப்புக்கும் சீல்.

அக்காவை அங்கே கூட்டிப் போனது அவள் தங்கை. தங்கையும் அவள் புருஷனும் பார்த்த வேலையை விட்டுவிட்டு, ரொட்டியும் சூப்பும் விற்கிற கடை ஒன்றை அங்கே போட்டிருந்தார்கள். கூடம் மூடினால் அவர்கள் நடுத்தெருவில்தான் நிற்க வேண்டும். "எங்க அக்கா வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று தங்கை கடைகடையாகப் பெருமை அடித்திருந்தாள். அக்காவும் வந்தாள், முக்காலி போட்டாள், தொட்டிகளை நகர்த்தினாள், சண்டை போட்டாள்.

அப்படியும் இரண்டாவது சீட்டு விழுந்துவிட்டது!

கூடத்துக் கடைக்காரர்கள் சங்கத்தின் தலைவர் குப்பை அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார். "உங்களைத்தானேம்மா மலை மாதிரி நம்பினோம்?" என்றார். அக்காவுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. அதற்குள் மற்ற கடைக்காரர்கள் மீன்கடைக்காரர் மேல் பாய்ந்தார்கள். அவர் கடை எப்போதும் ஈரமும் செதிலுமாகக் கிடக்கும். பார்க்கவே அலங்கோலம்.

"இவரை அனுப்பினாத்தான் கூடம் உருப்படும்" என்றார் பழச்சாறுக்காரர். தலைவரும் தலையை ஆட்டிவிட்டார்.

"நான் ஒரு கவர் கூடப் போடலைங்க! என் பிள்ளைங்க மேல சத்தியம்!" என்று மீன்கடைக்காரர் கத்தினார். குரல் உடைந்துவிட்டது. அக்காவுக்கும் அவர் மேல்தான் சந்தேகம். ஆனால் சந்தேகத்தை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் பிழைப்பில் மண் போட முடியுமா? தரையில் தார்ப்பாயை விரித்தாள். கையுறையை மாட்டினாள். தொட்டியைக் கவிழ்த்தாள்.

எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். மீன் கழிவு வந்தது, அதில் ஒரு கவரும் இல்லை. பழத்தோல், காய்த்தோல், எல்லாம் சுத்தம். அப்புறம் வந்தது ஒரு பொட்டலம். மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இறுக்கிச் சுற்றி, நான்கு மூலையும் உள்ளே மடித்து, பரிசுப் பொருள் மாதிரி அத்தனை அழகாக. அது போலவே இன்னொன்று, இன்னும் ஒன்று.

அக்கா பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அந்த மடிப்பு அவளுக்குத் தெரியும். தங்கை வீட்டிலிருந்து கிளம்பும்போதெல்லாம் மாப்பிள்ளை அவளுக்கு ரொட்டி கட்டிக் கொடுப்பது இப்படித்தான். கூடத்திலேயே பளபளவென்று இருக்கிற கடை அவருடைய கடைதான்.

மெதுவாக வீட்டுக்குப் போய்ச் சொல்லிக்கொள்ளலாமே என்று மனசு ஆசை காட்டியது. தங்கை புருஷனை நாலு பேர் முன்னால் நிறுத்திவைத்தால் அந்த வீட்டு வாசலை அப்புறம் மிதிக்க முடியுமா? நிமிர்ந்து பார்த்தாள். மீன்கடைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனசை ஓரம் கட்டினாள்.

"அண்ணே, இது உங்களுது இல்ல. என்னை மன்னிச்சுருங்க. இது என் தங்கச்சி கடையிலிருந்து வந்தது."

தங்கையின் முகம் செத்துப்போயிற்று. மாப்பிள்ளைக்குக் காது மடல் வரை சிவந்தது.

"நாறக் கூடாதுன்னுதானேக்கா கட்டிப் போட்டேன்! பிரிச்சுப் போடு, பிரிச்சுப் போடுன்னீங்க. நாத்தத்துக்கு என்ன பண்ணணும்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா? சூப்புக் கடைக்குப் பக்கத்துல ஈ மொய்ச்சா எவன் வருவான்?"

நியாயமான கேள்வி! மாப்பிள்ளை விறுவிறுவென்று வெளியே போய்விட்டார். தங்கை மட்டும் கிட்டே வந்தாள்.

"வீட்டுக்கு வந்து சொல்லியிருக்கக் கூடாதா? இத்தனை பேர் முன்னாடியா அவர் மானத்தை வாங்கணும்?"

"அதுக்குள்ள இந்த மனுஷனை வெளிய தள்ளியிருப்பாங்கடி."

"நீ எனக்கு அக்காவே இல்ல" என்று சொல்லிவிட்டுத் தங்கை போனாள்.

அக்கா அழவில்லை. அங்கிருந்தே ஆலைக்குப் போன் போட்டாள். பழைய செய்தித்தாளில் சுற்றிப் போட்டால் எடுப்பீர்களா என்று கேட்டாள். தாள் கழிவோடு சேர்ந்து மக்கிவிடும், தாராளமாகப் போடுங்கள் என்றார்கள். பழைய பேப்பர் கடையில் ஒரு கட்டு செய்தித்தாள் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு நேரே சூப்புக் கடைக்குப் போனாள். தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, கேட்டீங்களே, இந்தாங்க பதில். உங்க மடிப்பு இந்தக் கூடத்துக்கே வேணும். பிளாஸ்டிக் மட்டும் வேண்டாம்."

மாப்பிள்ளை சூப்பைக் கிண்டிக்கொண்டே இருந்தார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. மீன்கடைக்காரர்தான், கையில் செதில் வாளியோடு நின்றார். "தம்பி, இதை எப்படி மடிக்கணும்? கொஞ்சம் காட்டுங்க. என் கடையிலயும் ஈதான்."

திட்டு வாங்கிய மனுஷனே வந்து கேட்டால் யாரால் முறைத்துக்கொண்டு நிற்க முடியும்? மாப்பிள்ளை ஒரு தாளை எடுத்து விரித்தார். மறுநாள் பழச்சாறுக்காரர் வந்தார், அடுத்து மற்றக் கடைக்காரர்களும் வந்தார்கள். சூப்புக் கடை மேசையே மடிப்புப் பள்ளிக்கூடம் ஆகிவிட்டது. தங்கை மட்டும் அக்காவோடு பேசவில்லை.

லாரி வருகிற நாளில் ஒரு கடையிலும் வியாபாரம் ஓடவில்லை. எல்லாரும் பின்வாசலில் நின்றார்கள். லாரிக்காரர் கறாரான ஆள், சிரித்து யாரும் பார்த்ததில்லை. கம்பியால் தொட்டியைக் குத்திக் கிளறினார். ஒரு பொட்டலத்தை எடுத்துக் கிழித்தார். உள்ளே செதில். இன்னொன்றைக் கிழித்தார். உள்ளே ரொட்டித் துண்டு. தொட்டியின் அடிவரை போய்ப் பார்த்தார். பாவி மனுஷன், எத்தனை தேடுகிறார்! தலைவர் மூச்சு விடுவதையே மறந்துவிட்டார்.

லாரிக்காரர் நிமிர்ந்தார். சிவப்புச் சீட்டுக் கட்டைச் சட்டைப்பைக்குள் தள்ளினார். நெம்புகோலை இழுத்தார். தொட்டி மேலே போய்த் தடதடவென்று லாரிக்குள் கொட்டியது.

"யாருங்க இதைச் சொல்லிக்குடுத்தது? மத்த இடத்துக்கும் வரச் சொல்லுங்க" என்றார்.

அவ்வளவுதான், கூடமே அதிர்ந்தது. கரண்டியால் பாத்திரத்தைத் தட்டுகிறவர் ஒரு பக்கம், விசில் அடிக்கிறவர் ஒரு பக்கம். தலைவர் மாப்பிள்ளையைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டார். கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு தங்கை ஓடி வந்து, நாற்றம் பிடித்த கையுறையோடு நின்ற அக்காவை அப்படியே இறுக்கிக்கொண்டாள்.

"அன்னிக்கு உன்மேல எனக்குக் கொலவெறிக்கா. ஆனா நீ செஞ்சதுதான் சரி. அந்த மனுஷன் போயிருந்தா நான் எந்த முகத்தோட இங்க கடை நடத்துவேன்?"

அன்று அழாமல் வைத்திருந்தது எல்லாம் அக்காவுக்குப் பொலபொலவென்று கொட்டியது.

"அழறியாக்கா?"

"போடி. மீன் வாடை கண்ணுல ஏறிடுச்சு."

"அதெல்லாம் ஒத்துக்க முடியாது!" என்று பின்னாலிருந்து பாய்ந்தார் மீன்கடைக்காரர். "நல்லா மோந்து பாருங்க! என் குப்பையில இப்ப வாடையே கிடையாது!"