பின்வாசலால் போன மா

அடைக்கலநாதன் கடற்றொழிலாளி. கொழும்புத்துறைக் கரையில் அவனைப்போல் கிட்டார் அடிக்க ஆளில்லை. கப்பலில் வேலை பார்த்த மைத்துனன் கொண்டுவந்த கசெட்டுகளில் கறுப்பினத்தவரின் புளூஸ் என்ற துயரப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு, "உது எங்கடை தவக்காலப் புலம்பல்தான், கிட்டாரோடை" என்றான். பிறகு தானும் அப்படிப் பாட்டுக் கட்டத் தொடங்கினான். டிரம் அடிப்பது சிறுவயதுச் சிநேகிதன் சிமியோன்.

தொண்ணூற்றிரண்டில் சண்டையால் கடலுக்குப் போகத் தடை. நிவாரணக் கடை மாவே எல்லோருக்கும் கதி. அந்த மாவுக்காக வெயிலில் வரிசையில் நின்றபோதுதான் அவன் மனைவி லூர்த்தம்மா மயங்கி விழுந்து செத்தாள். "மா முடிஞ்சுது" என்று கதவைச் சாத்திய கடைத் தலைவர், அந்த நேரமே பின்பக்கத்தால் மா மூட்டைகளை வண்டியில் ஏற்றியதை அவன் கண்ணால் கண்டான். அதையே பாட்டாக்கினான்.

"கடலையும் பூட்டினாங்கள், கடையையும் பூட்டினாங்கள்,
முன்வாசலிலை அவள் விழ, பின்வாசலாலை மா போச்சு."

கோயில் பெருநாளில் ஊர் கூடியிருக்க, தலைவரின் முகத்துக்கு நேரே அது பாடப்பட வேண்டும். மனைவிக்காகச் செய்ய அவனிடம் மிஞ்சியிருந்தது அவ்வளவுதான். ஆனால் எங்கள் கரையில் செத்தவீட்டுக்காரர் ஒரு வருடத்துக்குப் பாட்டுக்கு வாய் திறப்பதில்லை. சிமியோனைப் பிடித்தான்.

"நீ பாடு மச்சான். ஒரு சொல்லும் மாத்திப்போடாதை."

"ஓம் மச்சான். லூர்த்தம்மா எனக்கும் சோறு போட்டவள்."

நானும் அன்று முன்வரிசையில் இருந்தேன். சிமியோன் மேடையேறி அதே மெட்டில் எடுத்தான்: "கடலைப் பூட்டினாலும் கடை கைவிடேல்லை, தலைவர் அண்ணைக்குக் கோடி நன்றி!" சனம் கை தட்டியது. கடையில் ஒரு வேலைக்காகச் சிநேகிதனை விற்றிருந்தான், பாவி! அது பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அடைக்கலநாதன் எழுந்தான். கிட்டாரும் இல்லை, டிரம்மும் இல்லை. தொண்டை கிழிய அந்த முன்வாசல் வரியைப் பாடினான். தலைவர் தலைகுனிந்தார். வென்றுவிட்டான் என்றே நினைத்தேன்.

லூர்த்தம்மாவின் தங்கை சிசிலியா குறுக்கே வந்து நின்றாள்.

"அக்கா செத்து ஒரு வருசம் ஆகேல்லை. உங்களுக்குப் பாட்டுக் கேக்குதோ அத்தான்? வெக்கமில்லையோ?"

"அவளுக்காகத்தான் பாடுறன், பிள்ளை."

அவன் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை. துக்கத்தை முறித்துவிட்டான் என்று சனம் சீறியது. இரண்டு பேர் அவன் கையைப் பிடித்து வெளியே கொண்டுபோனார்கள். மா எங்கே போனதென்று ஒருவரும் கேட்கவில்லை.

சிமியோன் விட்ட இடத்திலிருந்து பாடினான். சிசிலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு, மற்றவர்களோடு சேர்ந்து கை தட்டினாள்.