ஸ்பீக்கரில் பேசிய கன்னியப்பன்

கன்னியப்பனைக் கருங்காலி என்று சொல்கிற நாக்கு அழுகிப் போகும். நடந்தது இதுதான்.

அம்பத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் அவன் லேத்து ஓட்டினான். கணீரென்ற குரல். காலையில் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டு, ரேடியோக்காரர் மாதிரி நாலு வார்த்தை பேசுவதும் அவன்தான். எழுபத்திரண்டாம் வருஷம் ஒருநாள் மானேஜர், "நீ பேசற நேரம் லேத்து சும்மா நிக்குது. ஒரு வாரப் பேச்சை இப்பவே டேப்பில் பேசிடு. ஆனா நேர்ல பேசற மாதிரியே இருக்கணும்" என்றார். கன்னியப்பனும் மனசாரப் பேசினான். நடுவில் இருமினான், டீயை உறிஞ்சினான், தினமும் லேட்டாக வரும் கூட்டாளியை நினைத்து, "இன்னா வேம்புலி, இன்னிக்கும் லேட்டா? சீக்கிரம் உள்ளே வா மாமே" என்று சிரித்தான்.

அந்த வாரமே, ரெண்டு பேரை வேலையைவிட்டுத் தூக்கியதற்காக ஸ்டிரைக். கன்னியப்பன் கொடியோடு முன்கேட்டில் நின்றான். திடீரென்று உள்ளே ஸ்பீக்கர் அவன் குரலில் பேசியது. பின்கேட்டை மறித்து நிற்கிறவர்களுக்குத் தான் வெளியே நிற்பது தெரியாதே என்று பதறியடித்து அங்கே ஓடினான். அங்கே நின்ற ஆட்களெல்லாம் அதற்குள் உள்ளே போய்விட்டிருந்தார்கள்.

கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வேம்புலி கேட்டான்: "நீதானே மாமே பேர் சொல்லிக் கூப்ட்ட? இப்போ இன்னாத்துக்கு வெளியே நிக்கிற?"

ஸ்பீக்கர் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தது. மானேஜர் ரூம் ஜன்னலைப் பார்த்துக் கன்னியப்பன் கத்தினான்: "என் தொண்டைய வெச்சே எங்க கழுத்த அறுத்துட்டியேடா, பாவி."