பேசாத படத்தில் விழுகிற வேலை

வாயைத் திறக்காமல் பிழைக்கலாம் என்று நம்பித்தான் இந்தத் தொழிலில் நின்றுவிட்டேன். வந்த நாளிலிருந்து இது என்ன தொழில் என்று சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்கிறது.

பேசாத படங்களெல்லாம் தாத்தா காலத்தோடு போய்விட்டன என்று நினைப்பீர்கள். எங்கள் சங்கராபுரம் பக்கம் அந்தக் காலம் இப்போதுதான் நடந்துகொண்டிருக்கிறது. கதை நான், டைரக்‌ஷன் நான், கதாநாயகனும் நான். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடுகிற சிரிப்புப் படங்கள். செல்போனில் ஏற்றுவோம். ஜவுளிக்கடை, ரைஸ் மில் என்று உள்ளூர்க்காரர்களுக்கு விளம்பரமாகவும் எடுத்துக் கொடுப்போம். எந்தப் படமானாலும் கடைசியில் நான் விழுவேன். சைக்கிளிலிருந்து, கிணற்று மேட்டிலிருந்து, கரும்பு டிராக்டரிலிருந்து, சில நேரம் சும்மா நின்ற இடத்திலேயே. குப்புற விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள். என் தொழிலில் மண் ஒட்டாவிட்டால் மறுபடி விழ வேண்டும்.

இப்படி விழுந்தே குடும்பம் நடத்தியவனுக்கு இந்த வருஷம் வலது முட்டி போய்விட்டது. விழுகிறவன் விழ முடியாமல் போனால் அப்புறம் அவன் யார்? இதுதான் என் கவலை. பெண் வீட்டாரிடமோ பேங்க் மேனேஜரிடமோ தன் வேலையைப் புரியவைக்க முடியாமல் விழித்தவர் யாராவது இருந்தால் பக்கத்தில் வந்து உட்காருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

ஆடி மாதத்து வசனம்

முதல் படத்தில் வசனம் இருந்தது. ராத்திரியெல்லாம் விழித்து நானே எழுதியது. என் மனைவி தேன்மொழி இடுப்பில் குடத்தோடு நிற்பாள். நான் அவளிடம் உருக உருகக் காதலைச் சொல்வேன். கேமரா, கல்யாண வீடியோ எடுக்கிற என் நண்பன் ஏழுமலை. எங்கள் புத்தி, எடுத்தது ஆடி மாதம். எந்தத் தெருவுக்குப் போனாலும் ஏதோ ஒரு அம்மன் கோவில் ஸ்பீக்கர் எங்களுக்கு முன்னால் போய்க் காத்திருந்தது. வயலுக்கு ஓடினோம், அங்கேயும் விடவில்லை. பதிவானதைக் கேட்டால், "உயிரே" என்று நான் வாயசைக்கிற இடத்தில் "கூழ் வாங்க வர்றவங்க குண்டான் எடுத்துக்கினு வரவும்" என்று கேட்டது.

ஏழுமலை சத்தத்தை மொத்தமாக நிறுத்திவிட்டுப் படத்தை ஓட்டிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். என் வசனம் வீணானதற்கு ஒரு வார்த்தை அனுதாபம் சொல்வான் என்று காத்திருந்தேன். "சத்தம் இல்லாமப் பாத்தா நீ நல்லாத்தான்யா நடிக்கிற. வாயத் தொறக்கசொல்லதான் கெட்டுப்பூடுது" என்றான்.

சாவிக்கொத்து

ஒருவன் நடு பஸ் ஸ்டாண்டில் விழுகிறான், ஊரே அவனைக் கவனிக்காமல் கடந்து போகிறது. இதுதான் கதை. காகிதத்தில் பிரமாதமாக இருந்தது. சங்கராபுரம் பஸ் ஸ்டாண்டில் ஏழுமலை டீக்கடைக்குள் மறைந்து நின்றான். மரவள்ளிக்கிழங்குத் தோலில் கால் வைத்து, வழுக்கி, மல்லாந்து, கால்களைக் கொஞ்சம் உதறினேன். நன்றாகத்தான் விழுந்தேன். ஆனால் ஊரை நான் தப்புக் கணக்குப் போட்டிருந்தேன். என் முதுகு சிமெண்டைத் தொடுவதற்குள் என்னைத் தூக்க ஆள் வந்துவிட்டது.

முகத்தில் சோடா அடித்தார்கள். கன்னத்தில் தட்டினார்கள். "வலிப்புபா, கையில இரும்பு குடுங்க" என்று ஒரு குரல். அவ்வளவுதான், ஆளாளுக்கு இடுப்பிலிருந்தும் பையிலிருந்தும் சாவியை உருவி என் உள்ளங்கையில் திணித்து விரல்களை மடக்கிப் பிடித்துக்கொண்டார்கள். "படம் எடுக்கிறோங்க" என்று கத்தினேன். "பிதற்றுறான் பாவம்" என்று இன்னொரு சாவி வந்தது. ஒருவழியாக ஏழுமலை ஓடிவந்து கேமராவைக் காட்டிய பிறகுதான் விட்டார்கள். யாருக்கும் கோபமில்லை. ஆனால் எந்தச் சாவி யாருடையது என்று பிரிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. கடைசிவரை தேடி நின்ற ஒருவர், கிளம்பும்போது என் தோளைத் தொட்டுச் சொன்னார்: "ஏம்பா, அடுத்த வாட்டி வுழறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த சொல்லு. வூட்டு சாவிய வூட்லயே குடுத்துட்டு வந்துடறேன்."

திருடன் வேஷம்

எங்கள் வில்லன் கோவிந்தன், ஆட்டு வியாபாரி. மீசையையும் கண்ணையும் பார்த்தால் கைக்குழந்தை வீல் என்று கத்தும். ஆளோ, ஆட்டுக்குட்டியிடம் கூட "நகருங்க கண்ணு" என்று பேசுகிறவர். அவரைக் கோழித் திருடனாகப் போட்டேன். படம் நன்றாக ஓடியது. அந்த ஆசையில் இன்னொன்றிலும் கோழி திருடினார். அதற்குப் பிறகு ஆடு பிடிக்க அவர் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் பெண்கள் முதலில் கோழியைக் கூப்பிட்டு அடைத்துவிட்டுத்தான் "வாங்கண்ணா" என்றார்களாம்.

ஒருநாள் காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். அடிக்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். தண்ணீர் வாங்கிக் குடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "அடுத்த படத்துல என்னிய போலீஸ்ல புடிச்சிக் குடுத்துடுங்க. அப்பதான் ஜனம், செரி, ஜெயிலுக்குப் போயி திருந்திட்டான்னு நம்பும்."

காதல் காட்சி

திருநாவலூரில் தேன்மொழியின் தம்பி குழந்தைக்குக் காது குத்து. நான் படப்பிடிப்பென்று போகவில்லை. திரும்பி வந்தவள் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டாள். ஆனால் அந்த வாரம் எடுக்க வேண்டியது, புருஷனுக்கு அவள் ஆசையாகச் சோறு போடுகிற காட்சி. 'ஆக்‌ஷன்' என்றால் அப்படி ஒரு சிரிப்பு, 'கட்' என்றால் ஷட்டரை இறக்கினது போல முகம். படத்தைப் பார்த்தவர்கள் எல்லாரும் புதுசாகக் கல்யாணம் ஆனவர்களா என்று கேட்டார்கள். எடுத்து முடித்துச் சாமான்களைக் கட்டும்போது இருவருக்கும் நடுவில் நின்ற ஏழுமலையிடம் அவள் சொன்னாள்: "படத்துல பேசாத மனுசங்கிட்ட வூட்ல மட்டும் இன்னாத்துக்குப் பேசணும்னு கேட்டுச் சொல்லுண்ணா."

எக்ஸ்ரே

முட்டி வீங்கி, கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத நிலை வந்ததும் கள்ளக்குறிச்சியில் எலும்பு டாக்டரிடம் போனேன். "இன்னா வேல செய்யறீங்க?" என்றார். "விழற வேலைங்க" என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விளக்கம் சொல்வதைவிடக் காட்டுவது மேல் என்று செல்போனை நீட்டினேன். நான் கிணற்று மேட்டிலிருந்து வைக்கோல் போரில் விழுகிற படம். டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நர்ஸைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்கிற சத்தம் கேட்டது. எனக்கோ வலி பாதி போய்விட்டது. கைதட்டலுக்கு மிஞ்சிய களிம்பு கிடையாது.

பிறகு அவர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்தார். சிரிப்பு நின்றது. "படம் பிரமாதம். மூட்டுதான் இல்ல. இனிமே நீங்க வுழுந்தா அது நடிப்பு இல்லீங்க, நெசமாவே வுழுந்துட்டீங்கன்னு அர்த்தம்" என்றார்.

விழ ஆள் தேவை

திரும்பி வந்த பஸ்ஸில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். எனக்கு வேறு எதுவும் தெரியாது. தெரிந்ததாக நினைத்த வசனத்தைத்தான் ஆடி மாதம் கொண்டு போய்விட்டதே. இதில் ஜவுளிக்கடைக்காரர் வேறு, தீபாவளி விளம்பரம் இந்த வாரத்துக்குள் வராவிட்டால் சென்னை ஆட்களை வைத்துப் பேசுகிற படமாகவே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். எனக்குப் பதிலாக விழ ஆள் தேடினோம்.

ஆனைக்கும் அடி சறுக்கும் என்கிறார்களே, சறுக்கவே தெரியாத ஆட்களாக எனக்கு வந்து வாய்த்தார்கள். ஏழுமலையின் மச்சான், விழுவதற்கு முன் திரும்பி இடம் சுத்தமாக இருக்கிறதா என்று பார்த்தார். ஜிம் வைத்திருக்கும் ஒருவர் விழச் சொன்னால் குட்டிக்கரணம் போட்டு நேராக நின்றார். கோவிந்தன் ஒவ்வொரு தடவையும் தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பூமித்தாயிடம் அனுமதி வாங்கிய பிறகே விழுந்தார். அதுவும் முதலில் கை, பிறகு இடுப்பு, பிறகு தலை, பாய் விரித்துப் படுக்கிறவர் மாதிரி. நான் சலித்துக்கொண்டதும் அவருக்கு வருத்தமாகிவிட்டது. "நடக்கக் கத்துக்குடுத்த எங்கம்மா வுழறதுக்குக் கத்துக்குடுக்கலியே, நான் இன்னாங்க பண்றது?" என்றார்.

வரப்பு

அன்றைக்கே சாயந்திரம், நடவுக்கு ஓட்டிப் போட்டிருந்த சேற்று வயல். புதுச் சட்டை போட்டவன் வரப்பில் மிடுக்காக நடந்துவந்து சேற்றில் விழ வேண்டும். தேன்மொழி சாப்பாட்டுக் கூடையோடு இடுப்பில் கை வைத்து முறைக்க வேண்டும். அவளுக்குப் பெரும்பாலும் முறைக்கிற வேலைதான் கொடுப்பேன். நான் கால் நீட்டி பிளாஸ்டிக் சேரில். கோவிந்தன் மறுபடி மறுபடி தரையைக் கும்பிட்டார். வெளிச்சம் இறங்கிக்கொண்டே வந்தது. நான் எழுந்தேன், ஒரே ஒரு தடவை விழுந்து காட்டிவிடலாம், ஆனது ஆகட்டும் என்று. தேன்மொழி பார்த்துவிட்டாள்.

"உக்காருங்க" என்றாள். விளம்பரத்துக்காகக் கட்டியிருந்த புதுப் பட்டுப்புடவையின் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டாள். தலையில் கூடை, வரப்பில் ராணி மாதிரி நடந்து வந்தாள். பாதி வழியில் ஒரு கால் வழுக்கிப் போயிற்று. முகம் மாறவில்லை. கையை ஊன்றவில்லை. கூடையை இரண்டு கையாலும் உயர்த்திப் பிடித்தபடியே அப்படியே சேற்றில் உட்கார்ந்தாள், உட்கார்ந்தவள் மெதுவாகப் பின்னால் சாய்ந்து மறைந்தாள். கூடை மட்டும் மேலே நின்றது. பிறகு எழுந்து உட்கார்ந்து, காதோரம் தொங்கிய பூவை எடுத்துத் திரும்பச் செருகிக்கொண்டாள். ஏழுமலை சிரித்த சிரிப்பில் கேமரா ஆடியது.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் என்னைவிட நன்றாக விழுந்தாள். இந்த வரியை எழுதக்கூட மனசு வரவில்லை, ஆனாலும் உண்மை. இத்தனை நாளாக முறைக்கிற பார்ட் கொடுத்து அவளை ஓரத்தில் நிறுத்தி வைத்திருந்தேனே என்று வெட்கமாகவும், என் இடம் போய்விட்டதே என்று பொறாமையாகவும் இருந்தது. சேரை விட்டு இறங்கி நொண்டிக்கொண்டு போய்க் கையைக் கொடுத்தேன். பிடித்து எழுந்தவள் கேட்டாள்: "எடுத்தாச்சா இல்லியா? பால் கறக்கணும், மாடு கத்திக்கினு கெடக்கும்."

கரியாலூர்

விளம்பரத்தைப் பார்த்துவிட்டு அவள் தம்பி போன் செய்தான். "எங்க அக்காவ சேத்துல தள்ளிவுட்டு படம் புடிக்கிறியா மாமா?" என்று ஆரம்பித்தவன், பேச்சின் நடுவிலேயே சிரித்துவிட்டான். பிறகு திருநாவலூர் முழுக்க அதை அனுப்பியது அவன்தான். ஜவுளிக்கடைக்காரர் பொங்கலுக்கும் நீங்களே எடுங்கள் என்றார். இருந்தாலும் எனக்கு உறுத்தல் போகவில்லை. கடைக்காரர் வியாபாரத்தைப் பார்ப்பார், தம்பி அக்காவைப் பார்ப்பான். நான் விழாத படத்துக்கு ஜனம் சிரிக்குமா? அப்போதுதான் மலைமேல் இருக்கிற கரியாலூரில் திருவிழாவுக்குப் படம் காட்டக் கூப்பிட்டார்கள். மலையில் சிக்னல் சரியாக வராது, அதனால் வேட்டியைத் திரையாகக் கட்டிக் காட்ட வேண்டும். விளம்பரத்துக்குப் பிறகு எடுத்த, தேன்மொழி விழுகிற புதுப் படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு மலையேறினோம்.

பொழுது சாய்ந்ததும் படத்தைப் போட்டோம். சத்தமில்லாத படம் என்று சொல்லித்தான் போட்டேன். இரண்டு நிமிஷம் வேட்டியையே பார்த்தார்கள். பிறகு ஒரு பெண் தேன்மொழிக்காகப் பேச ஆரம்பித்தாள். பக்கத்து வரிசை கோவிந்தனுக்காகப் பதில் சொன்னது. நான் எழுதாத வசனங்கள், எழுதத் தெரியாத வசனங்கள், ஒவ்வொன்றுக்கும் கூட்டம் குலுங்கியது. அவள் விழுந்த இடத்தில் எழுந்த சத்தத்தில் வேட்டியே ஆடியது. நானும் சிரித்தேன், கண்ணில் நீர் வரச் சிரித்தேன். இத்தனை வருஷமும் தரையில் கிடந்தவன், ஊரே கூடிச் சிரிக்கிற முகங்களைப் பார்த்ததே இல்லை. அன்றைக்குத்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். இது போதும், இனி விழாவிட்டால் என்ன என்று தோன்றியது.

படம் முடிந்ததும் பெண்கள் தேன்மொழியைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி பலாச்சுளை கொடுத்தாள், ஒருத்தி பாட்டிலில் தேன் கொடுத்தாள். நான் திரைக்குக் கட்டிய வேட்டியை அவிழ்த்து மடித்துக்கொண்டிருந்தேன். ஒரு பெரியவர் வந்து, "நீ வண்டி ஓட்டியாந்தவனா?" என்றார். தேன்மொழி கூட்டத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்த்து, "கத எழுதறது, எடுக்கறது எல்லாம் இவருதாங்க பெரியவரே" என்று பெருமையாகச் சொன்னாள். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஒரு வார்த்தயும் பேசாத படத்துல எழுதறதுக்கு இன்னாய்யா இருக்குது?" என்றார்.

இத்தனை வருஷத் தொழிலில் முட்டி நோகாமல் நான் விழுந்தது அந்த ஒரு தடவைதான்.