மஞ்சள் பந்து

இன்று காலை, கோயம்புத்தூரில் நான் வேலை செய்யும் தையல் கம்பெனியில், கோபத்தை அடக்க ஒரு வகுப்பு வைத்து, ஆளுக்கொரு மஞ்சள் ரப்பர் பந்தைக் கொடுத்தார்கள். அதில் சிரிக்கிற மூஞ்சி ஒன்று வரைந்திருந்தது. கோபம் வந்தால் இதை அமுக்க வேண்டுமாம். நேற்றுத்தான் மேனேஜர் ஒரு புதுப்பெண்ணை எல்லார் முன்னாலும் திட்டி அழவைத்தார். இன்று எங்களுக்குப் பந்து. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே பந்தை, இதே இளிப்போடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் முன்பே வாங்கியிருக்கிறேன்.

அங்கே பக்கத்து மிஷினில் ஓர் அக்கா. கூடப் பிறந்தவள் இல்லை. நான் சேர்ந்த அன்று "பயப்படாத கண்ணு" என்று ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள். எங்கள் சூப்பர்வைசர் வாயைத் திறந்தால் வாடி, போடிதான். மாட்டைக்கூட 'வாங்க' என்று கூப்பிடுகிற ஊரில் இவன் எங்கிருந்து வந்து முளைத்தானோ! புகார் சொன்னோம். அவனை ஒரு வார்த்தை கேட்டார்களா? இல்லை. ஒரு பயிற்சிக்கார அம்மாவை வரவழைத்து, கோபத்தை அடக்குவது எப்படி என்று எங்களுக்கு வகுப்பு எடுத்தார்கள். மூச்சை இழுத்து விடுங்கள், பந்தை அமுக்குங்கள் என்று தேனாய்ப் பேசினார் அந்த அம்மா. அடி வாங்குகிறவளுக்கே புத்திமதியும்!

அந்த வாரமே அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் காய்ச்சல் கொதித்தது. உடனே வந்து கூட்டிப்போகச் சொல்லி டீச்சர் போன் செய்ததாக வாட்ச்மேன் வந்து சொன்னார். வீட்டில் வேறு ஆள் கிடையாது. அக்கா போய்ச் சூப்பர்வைசரிடம் அனுமதி கேட்டாள்.

"கையில இருக்கற பீஸத் தச்சு முடிச்சுட்டுப் போடி. உம்புள்ள என்ன செத்தா போச்சு?" என்று துணிக்கட்டை அவள்மேல் எறிந்தான்.

அக்கா கத்தவில்லை. சொல்லிக்கொடுத்தபடியே மூச்சை இழுத்து விட்டாள். தன் பந்தைக் கொண்டுபோய் அவன் மேசைமேல் வைத்தாள்.

"ஏனுங்க சார், கோவம் வாரது உங்களுக்குங்க. மருந்து எனக்கெதுக்குங்க? நீங்களே அமுக்குங்க. நான் எம்புள்ளயப் பாக்கப் போறனுங்க."

அத்தனை 'ங்க' போட்டு ஒருவனை அறைய முடியும் என்று அன்றுதான் பார்த்தேன்.

மறுநாள் அவளைக் கேட்டிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபத்தை அடக்கத் தெரியாதவளாம்! அடக்கத் தெரியாதவன் உள்ளே அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். நினைத்தால் இன்றும் வயிறு எரிகிறது. கோபத்தை ஆள வேண்டும் என்பதெல்லாம் சரிதான், அக்கா அதை ஆண்டுதானே காட்டினாள். திட்டு வாங்கிக் கட்டிக்கொள்கிற எங்களுக்கே அந்தப் பாடத்தை திரும்பத் திரும்ப நடத்துகிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை.

இன்று வகுப்பு முடிந்ததும் பந்தை எடுத்துக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனேன். மூச்சை இழுத்து விட்டு, பந்தை அவர் முன்னால் வைத்தேன்.

"இது உங்களுக்குங்க சார்."